தோள்மேல் இருந்த கை

ஒரே ஒரு போஸ்டர் கேட்டாலும் அடித்துத் தருவேன். ஆயிரத்துக்குக் குறைந்தால் மெஷினைத் தொடமாட்டோம் என்று பெரிய அச்சகங்கள் விரட்டிவிட, முகம் சுண்டிப்போய் வருகிறவர்கள்தான் கணபதி பகுதியில் இருக்கும் என் சின்னக் கடைக்கு வாடிக்கை. வருகிறவர்களுக்கு என்னைப் பிரம்மா என்று நினைப்பு. பெண்ணுக்கு நிறம் கூட்ட வேண்டும், மாப்பிள்ளைக்கு முடி வைக்க வேண்டும். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று சத்தியமங்கலத்திலிருந்து வேலுமணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்பா காளிச்சாமியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பத்து போஸ்டர் வேண்டுமாம். காலமெல்லாம் கரும்புக் காட்டில் கூலிக்குப் போன அந்த மனிதருக்கு இருப்பதே ஒரு போட்டோதான். அதில் காளிச்சாமி சிரித்தபடி நிற்கிறார். பக்கத்தில் இன்னொருவர். அவர் தோளில் காளிச்சாமியின் கை.

“ஏனுங்க அம்மணி, பக்கத்துல நிக்கறவனை எடுத்துப்போடுங்க.”

“ஆருங்க அவரு?”

“எந்தம்பி, தம்பிதுரை. இடத்தகராறுல மூணு வருசமாப் பேச்சில்லீங்க. அப்பன் பொணத்துக்குத் தலைமாட்டுல நானு, கால்மாட்டுல அவன். அப்பக்கூட ஒரு வார்த்தை பேசலை. அவன் மூஞ்சி எம்போஸ்டர்ல எதுக்குங்க?”

எனக்கென்ன வந்தது? எடுத்தேன். தம்பி போனதும் காளிச்சாமியின் கை அந்தரத்தில் நின்றது. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஏஐ இருக்கிறதே. கையைக் கீழே தொங்கவிட்ட மாதிரி மாற்றச் சொன்னேன். நொடியில் மாற்றியது. வேலை அத்தனை சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

வேலுமணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்கப்பன் கை இல்லீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கைன்னா இப்பிடித்தானுங்க இருக்கும். இதுல என்ன கொறைங்க?”

“அஞ்சு வெரலு இருக்குதுங்களே. எங்கப்பனுக்கு அந்தக் கையில நாலுதானுங்க.”

பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு முண்டு. தம்பியை வெட்டுகிற அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“என்னாச்சுங்க?”

“கரும்பாலையில போச்சுங்க. சின்ன வயசுல எந்தம்பி வெளையாட்டா கரும்பு நசுக்கற உருளைக்குள்ள கைய உட்டுப்போட்டான். அப்பன் பாஞ்சு இழுத்தாரு. தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லீங்க.”

ஒரு விரலைக் குறைப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. “அந்த வெரலை எடுத்துடட்டுங்களா?” என்றேன்.

வேலுமணி தோள்துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாங்க அம்மணி. அந்தக் கை இருந்த எடத்துலயே இருக்கட்டும்.”

தம்பியோடு இருந்த பழைய படத்தையே அப்படியே அடித்தேன். பத்தையும் சுருட்டப் போனபோது ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“இதை நானே கொண்டுபோயிக் குடுத்தா வாங்கிக்குவானுங்களா?”

“வாங்கிக்குவாருங்க,” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தத் தம்பி வாங்கிக்கொள்ள வேண்டுமே என்று அன்று முழுக்க என் மனசு அடித்துக்கொண்டது.