பாண்டியங்குழியில் பண்ணாடியின் பாட்டன்

சத்தியமங்கலம் ரோட்டோரத்துக் கல்வட்டத்தையும் அதன் நடுவிலிருந்த மண்மேட்டையும் ஊரில் பாண்டியங்குழி என்பார்கள். பழனியாத்தாளின் சனம் தலைமுறை தலைமுறையாக அதையொட்டித்தான் பிணம் புதைத்து வந்தது. ஆறு மாதம் முன்பு அவள் புருஷன் வெள்ளியங்கிரியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தான்.

தொண்ணூற்றாறில் ரோட்டோர நிலமெல்லாம் கிராக்கியானதும், அவள் சனம் பண்ணையாளாக உழைத்த நிலக்காரர் திருமலைசாமிப் பண்ணாடிக்கு அந்த மேட்டின் மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிட்டது. அது தன் பட்டா நிலம், அங்கே எவனையும் புதைத்ததே இல்லை, மேட்டை நிரவித் தறி ஷெட் போடப்போகிறேன் என்று மனுக் கொடுத்தார். புருஷனுக்குப் போட்ட மாலைநார் இன்னும் மக்கவில்லை, புதைத்ததே இல்லையாம்! பழனியாத்தாளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் பண்ணாடிக்கு எதிராக ஊரில் எவன் வாயைத் திறப்பான்?

விசாரணைக்கு வந்த தாசில்தார், கல்வட்டம் என்று கேள்விப்பட்டு, பீளமேட்டிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியாரையும் கூட்டி வந்திருந்தார். மழை அரித்திருந்த மேட்டோரத்தில் பெரிய மண்தாழி ஒன்றின் வாய் தெரிந்தது. வாத்தியார் மண்ணை மெல்ல விலக்கினார். எலும்பு, சிவப்புக் கல்மணிகள், துருவேறிய வாள் ஒன்று.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும். வாளோட பொதைச்சிருக்காங்கன்னா பெரிய தலைவராத்தான் இருந்திருக்கணும்" என்றார்.

பண்ணாடியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை தானாக மீசைக்குப் போனது.

"பின்ன? எங்க பாட்டம்பூட்டனுங்கதானுங்க. எங்க வம்சத்தையே இங்கதான் பொதைச்சது. நல்லா எழுதிக்குங்க."

தாசில்தார் எழுதினார். பழனியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க பண்ணாடி, அப்ப இது பொதைக்கிற எடந்தானுங்களே?"

"இன்னைக்கு நேத்தா? ஆதியிலிருந்தே..." என்றவர், தன் மனு நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தாசில்தார் காகிதத்தை நீட்டினார். "சொன்னதை எழுதிட்டனுங்க. கையெழுத்துப் போடுங்க. இல்ல, அவரு உங்க பாட்டன் இல்லீன்னா சொல்லுங்க, அடிச்சர்றேன்."

ஊரே சுற்றி நின்று பார்த்தது. வாள் வைத்திருந்த பாட்டனை அத்தனை பேர் முன்னால் எப்படி இல்லையென்பது? பண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு பழனியாத்தாள் வெள்ளியங்கிரியின் குழிமேட்டருகே உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஏனுங்க, பக்கத்துல இருக்கறது பண்ணாடியோட பாட்டனாமுங்க" என்றாள். "நீங்க ஒண்ணும் துண்டை இடுப்புல கட்டீட்டு எந்திரிச்சு நிக்க வேண்டாம். படுத்தே இருங்க."