அங்கேயும் இங்கேயும் ஒரே விலை

ஷஃபீனா தான் வரைந்த படங்களை விற்கத் தொடங்கிய காலத்தில் அவளிடம் விலை என்று ஒன்று இருக்கவில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்வாள். கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் அது வினையாகிவிட்டது. அவளுடைய சாச்சியின் மகள்மார் இருவர் ஒரே அளவான படங்களை வாங்கியிருந்தார்கள். ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது கதை படத்தின் பக்கம் திரும்பி, ஒருத்தி கொடுத்ததில் பாதியைத்தான் மற்றவள் கொடுத்திருக்கிறாள் என்பது தெரியவந்தது. கூடக் கொடுத்தவள் அதற்குப் பிறகு ஷஃபீனாவோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அன்றிலிருந்து படத்தின் அளவுதான் விலையைச் சொன்னது. சொந்தக்காரர், கொழும்பார், வெள்ளைக்காரர் என்று ஆள் பார்ப்பதில்லை. சும்மா கொடுக்க மனம் வந்தால் முழுசாகச் சும்மா கொடுப்பாள், குறைத்துக் கொடுக்கமாட்டாள்.

கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் பதுர்தீன் அவளுடைய படங்கள் சிலவற்றைச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தார். விற்றால் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. விடுதியில் பார்த்தவர்கள் வீடு தேடி வந்து வாங்கினாலும் அவருடைய பங்கு அவருக்குப் போகும் என்று ஷஃபீனாவே சொல்லியிருந்தாள். எழுத்தில் ஒன்றுமில்லை, வாய்ப்பேச்சுதான்.

அவளுடைய கணவன் றிம்ஸான் டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப் போகிறவன். மாசி மாதத்தில் ஒருநாள், அந்த விடுதியில் தங்கியிருந்த கண்டி டொக்டர் ஒருவரும் அவருடைய மனைவியும் அவனுடைய படகில் போனார்கள். சாப்பாட்டு அறையில் பார்த்த படத்தைப் பற்றி அவர்கள் கதைத்துக்கொண்டதைக் கேட்டு, அது என் மனைவி வரைந்தது, வீட்டுக்கு வந்தால் குறைத்து எடுக்கலாம் என்று இவன் சொல்லிவிட்டான்.

பின்னேரம் இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தான். டொக்டரின் மனைவிக்கு, பிடுங்கிய வெங்காயம் வரிசையாகக் காய்ந்து கிடக்கும் தோட்டத்துப் படம் ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. ஷஃபீனா விலை சொன்னாள். விடுதியில் அதே அளவான படத்துக்குப் போட்டிருந்த விலை. டொக்டர் சிரித்தபடி றிம்ஸானைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தான். அங்கே போட்ட விலைதான் இங்கேயும் என்று அவள் சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லி, தேநீர் ஊற்றப் போனாள். அவர்கள் தேநீரைக் குடித்தார்கள், படத்தை இன்னொருமுறை பார்த்தார்கள், வாங்காமல் போனார்கள்.

"என்ட சொல்லை ஏன் கெடுத்தாய்?" என்று கேட்டான் றிம்ஸான்.

"குறைக்கலாம் எண்டு சொன்னது நீங்கதானே, நான் சொல்லல்லயே."

"பதுர்தீன் நானாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்தானே."

அதோடு பேச்சு நின்றது. அவன் சாப்பிட்டான், படகுக்குப் போனான், வந்தான். தேவைக்கு மேலே ஒரு சொல் சொல்லவில்லை. ஆட்களின் முன்னால் சிறுத்துப்போனது அவனுக்குச் சுட்டது என்று ஷஃபீனாவுக்கு விளங்கியது. ஆனாலும் தான் செய்தது பிழை என்று அவளுக்குப் படவில்லை. வெங்காயத் தோட்டப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

அடுத்த கிழமை, ஒரு படம் விலைபோனதாகப் பதுர்தீன் சொல்லியனுப்பினார். றிம்ஸான்தான் மோட்டார்சைக்கிளில் கூட்டிப் போனான். கொடுத்த காசு குறைந்திருந்தது. வாங்கியவர் என்னுடைய நெருங்கிய கூட்டாளி, முகம் முறிக்க ஏலாமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அதற்குத் தக்கபடி உன் பங்கும் குறைந்தது என்று பதுர்தீன் விளக்கினார்.

"நானா, உங்கட பங்கில நீங்க எவ்வளவும் விடலாம். என்ட பங்கில என்னைக் கேக்காம விட ஏலாது," என்றாள் ஷஃபீனா.

"என்ன தங்கச்சி, ஒரே ஊர் ஆக்கள் நாங்க. ஒரு படத்துக்கு இவ்வளவு கணக்கா?"

போன கிழமை வந்து போனவர்களைப் பற்றிச் சொல்லிக்காட்ட அவளுக்கு விருப்பமில்லை. வாசலில் நின்ற றிம்ஸான் உள்ளே வந்தான்.

"நானா, உங்கட டொக்டரை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். உங்களுக்குத் தெரியாம குறைச்சு எடுத்துத் தாறன் எண்டு சொல்லித்தான் கூட்டிப் போனேன். இவ குறைக்கல்ல. அவங்க வாங்காமப் போனாங்க. எனக்குச் சரியான கோவம். இப்ப நீங்க இவவுக்குக் கணக்குச் சொல்ல வேணாம்."

பதுர்தீன் மேசை லாச்சியைத் திறந்து மிச்சத்தை எடுத்து வைத்தார். சந்தோசமாக வைத்தார் என்று சொல்ல முடியாது. இந்தக் கண்டிப்போடு பெரிய படங்களை விற்பது கஷ்டம், சின்னதுகளை மட்டும் விட்டுவிட்டுப் போ என்றார். ஷஃபீனா சம்மதித்து, பெரிய இரண்டையும் கழற்றிச் சாரத் துணியில் சுற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கடைத்தெரு பேக்கரியில் பாண் வாங்க நிறுத்தினார்கள். பாணை வாங்கிக் கொண்டியில் மாட்டிவிட்டு றிம்ஸான் ஏறாமல் நின்றான்.

"அந்த விலைகளை எனக்கும் ஒருக்காச் சொல்லு. ஆக்கள் கேட்டா நான் என்னெண்டு சொல்ற?"

மடியிலிருந்த படங்களைப் பிடித்தபடி அவள் சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பெரிய படத்தின் விலையை மட்டும் இன்னொருமுறை கேட்டுக்கொண்டு, மோட்டார்சைக்கிளை உதைத்தான்.