பிரேமலா சூரியனாக உட்கார்ந்த கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்று சிறுவர் பக்கத்துக்கு எளிமையாக எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நான் இருப்பதோ மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில். இங்கே மழை பெய்யும். பெய்யாத நேரத்தில் இதோ பெய்யப்போகிறேன் என்று மிரட்டும். நான் இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதினால் வாசலில் நிற்கும் ரம்புத்தான் மரமே சிரிக்கும்.

"பூமியின் அச்சு இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பதால்..." என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.

"தஞ்சோங் காராங் வயல்களின் மேலே சூரியன்..." வேண்டாம். வயலைக் கண்டால் வர்ணித்துக்கொண்டே போய்விடுவேன்.

ஆகவே உள்ளே ஒரு கல்யாணத்தை இழுத்துவிட்டேன். கல்யாணப் பேச்சு என்றால் நம்மவர்கள் வானியலைக்கூட உட்கார்ந்து கேட்பார்கள்.

2

விஷாலினி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். ஜனவரி முதல் வாரம் அவளை இரண்டு வருடத்துக்கு ஜப்பான் அனுப்புகிறார்கள். அதற்குள், பேசி வைத்திருக்கும் கோல சிலாங்கூர் குகனைக் கட்டிக்கொண்டால் அவனும் கூடப் போகலாம். டிசம்பர் கடைசி ஞாயிறு மண்டபம் காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. அது மார்கழி.

குகனின் அம்மா பிரேமலா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்வதில் கைதேர்ந்தவர்.

"தை பொறக்கட்டும்மா. அப்பதான் சூரியன் வடக்க திரும்புது. அதுக்கு முன்னால என் வீட்டுல நல்ல காரியம் கிடையாது. அவசரம்னா நீ ஜப்பான் போயிட்டு வா. ஆனா ரெண்டு வருஷமெல்லாம் எம் மவன் காத்திருக்க மாட்டான்."

[இந்த இடத்தில் குகன் ஏதாவது பேசியிருக்க வேண்டும். எத்தனையோ வசனம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதை ஓரமாக வைத்துவிட்டு "அம்மா சொல்றதும் சரிதான் லா" என்றான். இவனை எடுத்துவிடலாமா என்று விஷாலினியைக் கேட்டேன். "அவரு இல்லாட்டி உங்க கதைக்கு நானும் வரல. எனக்கு அவரப் புடிச்சிருக்கு, உங்களுக்கு என்ன?" என்றாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

அடுத்த ஞாயிறு விஷாலினி ஒரு பை ஆரஞ்சும், சாத்தே இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் குச்சிகளும் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டாள்.

"அத்தை, நீங்கதான் சூரியன். நடுவுல அசையாம உக்காருங்க."

பிரேமலாவுக்கு இது பிடித்துப்போனது. அந்த வீட்டில் பல வருடமாக அவர் பார்த்துவரும் வேலைதான். குச்சியில் குத்திய ஆரஞ்சைச் சற்றே சாய்த்துப் பிடித்தபடி குகன் அவரைச் சுற்றி நடந்தான். எந்தப் பக்கம் போனாலும் குச்சியின் மேல்நுனி அம்மாவை நோக்கியே சாய்ந்திருந்தது.

"ஐயோ, அம்மா பக்கமே சாயாதீங்க! அப்புறம் வருஷம் பூரா கோடைதான். ஃப்ரிஜ்ஜப் பாத்து சாச்சுப் புடிங்க. நீங்க எங்க போனாலும் குச்சி ஃப்ரிஜ் பக்கம்தான் சாயணும்."

பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குகன் அம்மாவைச் சுற்றியும் அம்மா பக்கம் சாயாமல் இருந்தான். ஃப்ரிஜ்ஜுக்கு எதிர்ப்புறம் நின்றபோது ஆரஞ்சின் மேல்பாதி பிரேமலாவை நோக்கியது. ஃப்ரிஜ்ஜருகே வந்தபோது அது அவரை விட்டு விலகியது. வடக்கே கோடையும் குளிரும் மாறி மாறி வருவது இவ்வளவில்தான். நாம் ஆரஞ்சின் இடுப்பில் குடியிருப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

"மேல்பாதி ரொம்ப விலகுற நாள் டிசம்பர் இருவத்தொண்ணு வாக்குல வருது. அதோட சூரியன் வடக்க திரும்பிடுது, அத்தை."

"ஆனா தை ஜனவரி பதினாலுலதான பொறக்குது?"

"அதுதான் விஷயமே."

பம்பரம் ஓயும்போது தலையாட்டும் அல்லவா? அதுபோல அச்சு சாயும் திசையும் மெல்லச் சுற்றுகிறது. ஃப்ரிஜ்ஜிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து கதவு என்று ஒரு முழுச் சுற்று முடிய ஏறத்தாழ இருபத்தாறாயிரம் ஆண்டு. பருவம் அந்தச் சாய்வின் கையைப் பிடித்துப் போகிறது. நம் பஞ்சாங்க மாதமோ பின்னால் இருக்கும் நட்சத்திரங்களின் கையைப் பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் பிரிந்துவிட்டன.

"அதனால மார்கழி மொத வாரத்துலயே சூரியன் திரும்பிடுது. கணக்குப்படி டிசம்பர் கடைசி ஞாயிறு தைதான்."

(அடிக்குறிப்பு: ஆசிரியர் கேட்ட கட்டுரை இத்துடன் முடிந்தது. சிறுவர்கள் விளையாடப் போகலாம். பெரியவர்கள் உட்காருங்கள், பிரேமலா இன்னும் பதில் சொல்லவில்லை.)

4

பிரேமலா ஆரஞ்சை வாங்கிக் குச்சியை உருவிவிட்டு உரிக்கத் தொடங்கினார்.

"ஒத்துக்கிறேன். மார்கழி பின்பாதி தைன்னா, மத்த மாசமும் முன்னால நகரணும்ல?"

"ஆமா, அத்தை."

"பங்குனி பின்பாதி சித்திரையா?"

"ஆ... மா."

"நீ மார்ச் கடைசியில பொறந்தவ. பங்குனின்னு சொன்னதாலதான் நான் சரின்னேன். அப்போ நீ சித்திரைப் புள்ளையா?"

சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பும் வீடு அது. சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கதையில் வைத்தால் பொடி எழுத்தையெல்லாம் படித்துவிடுகிறார்.

கணக்கு தப்பு என்று சொன்னால் அந்த டிசம்பர் ஞாயிறு போய்விடும். சரி என்று நின்றால் சம்பந்தமே போய்விடும். விஷாலினி குகனை ஒரு தரம் பார்த்துவிட்டு பிரேமலா பக்கம் திரும்பினாள்.

"ஆமா, அத்தை. நான் சித்திரைதான். தேதியும் அதேதான்."

"அம்மா, அந்த ஞாயித்துக்கெழமையே வச்சுடுங்க," என்றான் குகன்.

(இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.)

5

முடிவு ஒன்று: பிரேமலா கண்கலங்கி மருமகளைக் கட்டிக்கொண்டார். அடித்துவிட்டேன். இதைப் படித்தால் முதலில் பிரேமலாவே காறித் துப்புவார்.

முடிவு இரண்டு: விஷாலினி தனியாக விமானம் ஏறினாள். முதல் பனி விழுந்த அன்று அவள் குகனுக்கு... இல்லை, என்னால் முடியாது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

கடைசியில் பிரேமலாவிடமே போய் நின்றேன். சுளையைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சூரியன் எப்பத் திரும்புனா எனக்கென்ன? சித்திரையோ பங்குனியோ, எனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிருக்கு. ஆனா மார்கழியில பத்திரிகை வச்சா யாரு வருவா? மண்டபத்துல நாற்காலியெல்லாம் காலியா கெடந்தா அதுங்க ரெண்டும் மூஞ்சிய எங்க வச்சுக்கும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அந்த நாலு பேர் யாரென்று கோல சிலாங்கூர் முழுக்கத் தேடினேன். மீன் சந்தையில் கடை போட்டிருக்கும் தாயம்மாவைக் கேட்டேன். "எனக்கென்ன வந்துச்சு, மத்தவங்கதான் பேசுவாங்க" என்று அடுத்த கடையைக் காட்டினார். அந்தக் கடைக்காரரும் அதையே சொல்லி அடுத்தவரைக் காட்டினார். அப்படியே ஆள்மாற்றி ஆள் காட்டி, விரல் இந்தப் பக்கத்தைத் தாண்டி, இதைப் படித்துக்கொண்டிருப்பவரிடம் வந்து நின்றுவிட்டது.

கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போன் போடப் பிரேமலா ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பாடு உண்டு.

நீங்கள் வருகிறீர்களா?