மூக்கம்மாவின் கையெழுத்து

“ரேகை வச்சாப் போதும்மா,” என்று நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்தாள்.

“நான் கைநாட்டு இல்ல சிஸ்டர்.” மூக்கம்மா படுக்கையிலிருந்து எழப் பார்த்தாள். “அடியே ஆனந்தி, முதுகைப் பிடி. பேனாவக் குடு.”

ஆனந்தி அம்மாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பத்து நாளில் அம்மா ஒரு தலையணைக் கனத்துக்கு வந்திருந்தாள்.

“இதுல என்ன போட்டிருக்கு?”

“உடம்பு தேறிருச்சு, வீட்டுக்குப் போலாம்னு.”

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் தாங்கினால் அதிகம், விருப்பப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் காலையில் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லிவிடத்தான் ஆனந்தி திரும்பத் திரும்பக் கட்டிலருகே வந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூக்கம்மா எழுதத் தொடங்கினாள்.

பள்ளங்கி கிராமத்தில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடைக்கானல் கடைகளுக்குப் போடுகிறவள் அவள். பெட்டிக்கு அம்மா பேரில் லேபிள் அடித்தபோது, அச்சுக்கடைக் கம்ப்யூட்டரில் ஆனந்திதான் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். பழைய மாதா கோயில் ஜன்னல்களைப் போல ஒடுங்கி உயர்ந்த, தடித்த கறுப்புக் கோடுகளும் முள்ளாய் வளைந்த நுனிகளும் கொண்ட ‘கோதிக்’ பாணி ஆங்கில எழுத்து. பேய் பங்களா போர்டுக்கும், கிதார் வாசிக்கிற பையன்களின் டீ ஷர்ட்டுக்கும் அதைத்தான் போடுவார்கள்.

“என்னடி, முள்ளுச் செடியாட்டம் கெடக்கு!” என்ற மூக்கம்மா, பெட்டி மூடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். “என் பேரா இது? சீமைக்காரியாட்டம்ல இருக்கேன்.”

எந்த மொழியும் எழுதப் படிக்கத் தெரியாதவள், அன்றிலிருந்து அந்த மூடியைப் பார்த்துத் தன் பேரை வரையப் பழகினாள்.

“சாதா எழுத்து சொல்லித் தரேம்மா. சுலபம்.”

“அத நீ வச்சுக்க. எனக்கு இதான்.”

இப்போதும் அதே எழுத்துதான். தடித்த கோடு ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி இழுத்து நிரப்பினாள். ஆனந்தியின் உள்ளங்கை தாளின் கீழ்ப்பகுதியை மூடியிருந்தது. வழியிலேயே உயிர் பிரியலாம் என்பதை அறிவேன் என்று அங்கே தமிழில் அச்சாகியிருந்தது.

“கையை எடுடி. எடம் பத்தல.”

“இதுக்குள்ளயே முடிச்சிரும்மா.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதுல்ல. எடு.”

ஆனந்தி கையை எடுத்தாள். கடைசி எழுத்தின் வால் அந்த வரியின் மேலேயே வளைந்து இறங்கியது. மூக்கம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்கா?”

“வந்திருக்கும்மா.”

வீட்டுக்குத் திரும்பும் வண்டி மலையேறியது. பாதி வழியில், “கண்ணாடிய எறக்கு,” என்றாள் மூக்கம்மா. பனிமூட்டம் உள்ளே வந்தது. “நம்ம குளிரு,” என்றாள். பிறகு பேசவில்லை.

பெருமாள்மலை தாண்டியதும் ஆனந்தி அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். வைத்தபடியே இரண்டு வளைவு கடந்தாள்.

டிரைவர் வேலப்பன் திரும்பாமலே சொன்னார்: “கண்ணாடிய ஏத்திருங்க பாப்பா. அம்மாவுக்குக் குளிரும்ல.”

“இருக்கட்டும்ண்ணே. அவங்கதான் எறக்கச் சொன்னாங்க.”

அம்மாவின் நரைமுடியில் பனி பொடித்துளிகளாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தி துடைக்கவில்லை.