பேர எடுத்துடு

வில்லியனூர் பஜாரில் பாத்திரக்கடை சம்மந்தம் எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'சத்த வண்டிக்காரர்' என்று கேட்டால் ஒதியம்பட்டு வரைக்கும் கை காட்டுவார்கள். அவர் எங்கள் அப்பா. அவர் ஓட்டியது ஒரு வெள்ளை மாருதி ஆம்னி. பின்னால் குண்டான், அன்னக்கூடை, எவர்சில்வர் குடம் என்று ஏதாவது கிடந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வரும். அதனால் அவருக்கு ஹாரன் அடிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. முப்பதுக்கு மேல் முள் ஏறாது. சைக்கிள்காரன் முந்திப் போனால்கூட, அவனுக்கு என்ன அவசரமோ, போகட்டும் என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் மானம் போகும்.

அம்மா காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் கழித்து, 2001-ல் அந்த வண்டியை வாங்கினார். அக்கா தென்றலுக்குப் பதினாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின். கொஞ்ச தூரம் ஓடினாலே சீட் சுடும். மார்கழியில் அந்தச் சீட்டுக்குச் சண்டை போடுவோம். சித்திரையில் அதே சீட் வேண்டாம் என்று சண்டை போடுவோம். இரண்டு சண்டையிலும் அக்காதான் ஜெயிப்பாள். குளிரில் அவள் முன்னால், வெயிலில் நான் முன்னால். அம்மா இல்லாத வீட்டில் சோறு வடிப்பது, என் சட்டைக்குப் பட்டன் தைப்பது எல்லாம் அவள்தான் என்பதால் அப்பா அவள் பக்கமே தீர்ப்புச் சொல்வார்.

வண்டி வந்த மறுநாளே ஸ்டிக்கர் கடைக்குப் போனோம். கடையின் பேரை ஒட்டலாமா என்று ஸ்டிக்கர்காரர் கேட்டார். கடை பேர் போர்டில் இருக்கிறது, பிள்ளைகள் பேரைப் போடு என்றார் அப்பா. பின் கண்ணாடியில் இடப்பக்கம் 'தென்றல்', வலப்பக்கம் 'அரசு'. சிவப்பு ரேடியம் எழுத்து. எங்களுக்குப் பின்னால் வருகிறவன் எல்லாம் எங்கள் பேரைப் படித்துக்கொண்டே வந்தான்.

அந்த இரண்டு பேரில் ஒன்றைச் சுரண்டி எடுத்தது நான். அப்பாதான் எடுத்தார் என்று அக்கா பதினைந்து வருஷம் நம்பினாள். நம்பட்டும் என்று விட்டவனும் நான்தான். அப்பா போன மாதம் இறந்துபோனார்.

எங்கள் கடையில் பாத்திரம் விற்பது போக இன்னும் இரண்டு வேலை உண்டு. கல்யாணச் சீர் பாத்திரங்களில் பெண்ணின் பேரை வெட்டிக் கொடுப்பது ஒன்று. பழைய பாத்திரத்தைக் கைமாற்றுகிறவர்கள், பேர் தெரியக் கூடாது என்று கொண்டுவந்தால் அதைத் தேய்த்து எடுப்பது இன்னொன்று. 'பேர எடுத்துடு' என்று அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். எது, எங்கே என்று நான் கேட்டதில்லை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

2010 தை மாதம் அக்கா வீட்டைவிட்டுப் போனாள். நெட்டப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த சேவியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு குறைந்துபோனது, பேச்சு அதைவிடக் குறைந்துபோனது. குதித்தது எல்லாம் நான்தான். இருபத்தொரு வயது, ரோஷத்துக்கு அளவே இல்லை. பஜாரில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வேண்டும் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு திரிந்தேன். என்னை வளர்த்தவள் என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாளே என்பதுதான் உள்ளே இருந்த வலி. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் குடும்ப மானம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு நாள் காலை. சரக்குக்குச் சொல்ல அப்பா கும்பகோணம் பஸ் பிடிக்க வேண்டும். வண்டி கடை வாசலில் நின்றது. கிளம்புகிற அவசரத்திலும் ஈரத்துணியால் பின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அவ பேர எடுத்துடுடா" என்றார். துணியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிளேடும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் குந்தினேன். இருபது நிமிஷ வேலை. 'தெ' சீக்கிரம் வந்துவிட்டது, 'ற' மட்டும் உரியாமல் அடம்பிடித்தது. கடைசியில் பிசின் தடம்கூட இல்லாமல் துடைத்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன், பொய் சொல்லக் கூடாது.

சாயந்திரம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கண்ணாடியைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"நீதானப்பா எடுக்க சொன்ன."

"ரேஷன் கார்டுலடா சொன்னேன்" என்றார் அப்பா. "இங்க எடுத்தாதான அங்க அந்தப் பையன் வூட்டு கார்டுல அவ பேர சேப்பாங்க."

பெண்ணைக் கட்டிக் கொடுத்த எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிறந்த வீட்டு கார்டில் பேரை நீக்கி, அதற்கு ஒரு பேப்பர் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அக்காவுக்கு அப்பா சீர் செய்யவில்லை, மாலை எடுத்துக் கொடுக்கவில்லை. நாலு மாதம் யோசித்து, ஒரு அப்பன் செய்ய வேண்டியதில் மிச்சம் இருந்த ஒன்றையாவது செய்துவிடலாம் என்று அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கிறார். நான் பிளேடை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நாளைக்கே ஸ்டிக்கர்காரரிடம் சொல்லித் திரும்ப ஒட்டிவிடு என்றார். சரி என்றேன். மறுநாள் கேட்டார், கடை மூடியிருக்கிறது என்றேன். அதற்கு மறுநாள் சிவப்பு ரேடியம் தீர்ந்துவிட்டதாம் என்றேன். இரண்டும் பொய். ஓடிப்போனவளுக்கு என்ன அவசரம் என்று இருந்தது எனக்கு.

ஐந்தாம் நாள் அக்கா வந்தாள். எதிர்ப்பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. ரோட்டைக் கடக்க ஒரு காலை எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். வண்டி கடை வாசலில் பின்பக்கம் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் 'அரசு' மட்டும் ஒரு ஓரமாக இருந்தது. அடுக்கி வைத்த குடங்களுக்குப் பின்னால் நின்று நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா வங்கிக்குப் போயிருந்தார். "அக்கா, அது நான் பண்ணது" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். இருபதடி ரோடு. நெட்டப்பாக்கம் வழியாகத் திரும்பும் மடுகரை பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவள் வந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அப்பாவே ரேஷன் ஆபீஸுக்கு நடையாக நடந்து பேப்பரை வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு வண்டியில் தனியாக நெட்டப்பாக்கம் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மூன்று தடவை கூப்பிட்டாராம். ஆள் உள்ளேதான் இருந்தாளாம், கதவு திறக்கவில்லையாம். பேப்பரைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டாராம்.

ஸ்டிக்கரைப் பற்றி நானாகவே கேட்டேன். "வேணாம் விடு" என்றார். "அவ வரட்டும். அவ கையாலயே ஒட்டட்டும்."

அக்கா வரவில்லை. நானும் சொல்லவில்லை. முதலில் ரோஷம் தடுத்தது. பிறகு பயம். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, கடை என் கைக்கு வந்த பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற சோம்பேறித்தனம். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு வெளியூர் வியாபாரிகள், ஒரே பிள்ளையா என்று கேட்பார்கள். ரெண்டு என்று மட்டும் சொல்வார் அப்பா. ஏம்பலத்துக்குச் சரக்கு கொடுக்கப் போனால்கூட நெட்டப்பாக்கம் சுற்றிக்கொண்டு போவார். பெட்ரோல் வீண் என்று நான் கத்துவேன். ரோடு நன்றாக இருக்கிறது என்பார். அந்த ரோடு எப்போதும் நன்றாக இருந்ததில்லை.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். வாய் போய்விட்டது. ஏழாம் நாள் அக்காவுக்குப் போன் செய்தேன். எண் என்னிடம் பல வருஷமாக இருந்தது, பேசியது அன்றுதான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரு என்னைக் கூப்புட்டாரா?"

"அவரால பேச முடியாதுக்கா" என்றேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. சரி என்று அவள் வைத்துவிட்டாள். நான்கு நாள் கழித்து அப்பா இறந்தார். சாவுக்கு வந்தாள், மூன்றாம் வீட்டுக்காரி மாதிரி ஓரமாக நின்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சொந்தக்காரப் பெண்கள் அதைப் பற்றிக் காதுபடவே பேசினார்கள். அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு வரவேண்டியவை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மத்தியானம் பந்தி கலைந்தது. சேவியர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பியிருந்தார். வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் வண்டி நின்றது. ஸ்டார்ட் ஆகி ஒரு வருஷமாகிறது, காயலான் கடைக்காரன் மறுநாள் எடுத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தான். அக்கா தானாகவே அங்கே போனாள். நான் பின்னால் போனேன். பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"எங்க தெருவுக்கு வந்தாரு ஒரு நாளு. சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிட்டேன். ஜன்னலாண்ட ஓடினேன். ரிவர்ஸ்லயே வர்றாருடா. பேரு இல்லாத கண்ணாடிய என் வாசலுக்கு நேரா கொண்டாந்து நிறுத்தறாரு. நல்லா பாத்துக்கோன்னு சொல்ற மாதிரி. அதுக்கப்புறம் கதவு கீழ ஒரு பேப்பரு. கார்டுலயும் எடுத்தாச்சின்னு."

அப்பா எங்கே போனாலும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் சந்துக்குள் விடுவார். பாத்திரம் இறக்குகிறவரின் பழக்கம் அது. அது அவளுக்கும் தெரியும். பேர் போன கண்ணாடியைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பழக்கம்கூட வஞ்சமாகத் தெரிந்திருக்கிறது.

அங்கேயே சொல்லிவிட்டேன். பிளேடு, மண்ணெண்ணெய், ரேஷன் கார்டு, நான் சொன்ன இரண்டு பொய், குடத்துக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தது, அவள் கையால் ஒட்டட்டும் என்று அப்பா சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பஜாருல எறங்கி கண்ணாடிய பாத்துட்டு போனது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நான் சொல்லல."

"அப்போ நான் ஏன் கதவ தெறக்கலன்னு நெனச்சிகினு இருந்தாரு?"

"அவரு முன்ன நின்னு கட்டிக் குடுக்கலன்னு உனக்குக் கோவம்னு. கடைசி வரைக்கும் அப்டிதான் நெனச்சாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போன்ல பேச முடியாதுன்னியே. காது கேட்டுச்சா அவருக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது நல்லதாகக்கூட இருந்திருக்கும். ஆனால் என் பொய்யெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

"கேட்டுச்சிக்கா. நாம பேசறப்ப அவரு பக்கத்துலதான் நின்னேன். யாருன்னு கண்ணாலயே கேட்டாரு. தென்றல்னு சொன்னேன். போனையே பாத்துகினு இருந்தாரு. அதுக்குள்ள நீ வெச்சிட்ட."

அக்கா வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. என் மனைவி சுலோசனா சத்தம் கேட்டு ஓடி வந்தாள், என்னை விலக்கிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து 'அவரு', 'அவரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டு அழுதாள்.