இத்துப்போன மூலை

பழைய கேரவன் ஒன்றைத் தரகரிடம் வாங்கிய அன்று கோராஸ்த் மனைவியிடம் பச்சைப் பொய் சொன்னான். உள்ளே வெளியே எல்லாம் அலசிப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். உண்மையில் டயரையும் பெயிண்டையும் மட்டும்தான் பார்த்திருந்தான். காரின் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி எதுவும் அவனிடம் அதுவரை இருந்ததில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். ட்செல்யே நகர ரொட்டி ஆலையில் பதினெட்டுப் பேரை வேலை வாங்குகிற மேற்பார்வையாளன் அவன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை, அடுக்குமாடி வளாகத்தில் நிறுத்தியிருந்த கேரவனின் கதவைத் திறந்ததுமே பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. அவன் மனைவி நேவென்கா மூக்கைப் பொத்திக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். மாடிகளிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

உதவிக்கு ஸ்தோயான் வந்திருந்தார். ஆலையில் மாவு பிசைகிறவர், அறுபதை நெருங்குகிற ஆள், அதிகம் பேசமாட்டார். கோராஸ்த் ஆலையில் எல்லோருக்கும் காட்டிய கேரவன் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வந்தவர் ஜன்னல்களுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் உள்ளே இறங்கியது. காஸ் குழாயை வளைத்து அதிலிருந்த வெடிப்பைக் காட்டினார். பின்பக்கக் கட்டிலைத் தூக்கி, மூலையைக் குதிகாலால் மிதித்தார். தரை மெத்தென்று அமுங்கியது.

"இந்த மூலை இத்துப் போச்சுப்பா. பிள்ளைங்க படுக்கிற எடம். வெட்டி எடுத்துட்டுப் புதுப் பலகை போட்டுடு."

நேவென்கா எதுவும் கேட்கவில்லை. அதுதான் கோராஸ்தைக் குத்தியது. தன் முட்டாள்தனத்தை மறைக்க, பழி போட வேறொருவன் தேவைப்பட்டான். உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வீசினான். கரிபிடித்த வாணலி, ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த செய்தித்தாள், விறைத்துப்போன கம்பளி. வீசும்போதெல்லாம் மாடிவரை கேட்கிற மாதிரி ஒரு கேலி.

"எந்தப் பன்னி குடியிருந்துச்சோ தெரியல. பன்னிகூடப் படுக்கிற எடத்துல சமைக்காது."

மாடியில் சிரித்தார்கள். நேவென்காவும் சிரித்துவிட்டாள். ஸ்தோயான் மட்டும் வினிகர் நனைத்த துணியால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார்கள். சொட்டு வரவில்லை. கோராஸ்த் கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் தட்டினான். ஸ்தோயான் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கைக்கு அடியில் கையை விட்டு எதையோ அழுத்தினார். பம்பு உறுமியது. அங்கே ஒரு சுவிட்ச் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நேவென்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஸ்தோயான் துணியைப் பிழிந்தார். "நான்தாம்மா மாட்டினேன். ரெண்டு குளிர்காலம் இதுலதான் இருந்தேன். வீட்டை விட்டு வந்தப்புறம் வேற போக்கிடம் இல்ல." பிறகு கோராஸ்தைப் பார்த்தார். "ஃபோட்டோல பார்த்ததுமே தெரிஞ்சுது. தரை விஷயம் உன்கிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன்."

கோராஸ்தின் காதுமடல் கொதித்தது. கையிலிருந்த கம்பளியைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அதில் ஒரு குளிர்காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. உடுப்பில் மண்ணெண்ணெயும் பூஞ்சையும் நாறுகிறது என்று, எல்லோர் முன்னாலும் இதே மனிதரை மாவு மேசையிலிருந்து கிளப்பி, குளித்துவிட்டு வரச் சொன்னவன் அவன்தான். அவர் எங்கே போய்க் குளிப்பார் என்று அப்போது அவன் யோசிக்கவே இல்லை.

மேலேயிருந்து ஒருவர், பன்னி வால் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம். கோராஸ்த் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்தோயான் சாப்பிட நிற்காமல் போய்விட்டார்.

ஞாயிறு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம் என்று முடிவு செய்தான். திங்களன்று மாவு மேசை அருகே போய்ச் சத்தமாகவே பேசினான். அந்தக் கேரவனில் அவர் குளிரில் கிடந்தது தெரியாமல்தான் அன்று குளித்துவிட்டு வரச் சொன்னதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னான்.

பிசைந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. எல்லோரும் ஸ்தோயானைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கோராஸ்துக்கு உறைத்தது, அவர் எங்கே இருந்தார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவர் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவனே அவிழ்த்துக் கொட்டிவிட்டான்.

ஸ்தோயானின் கழுத்து சிவந்தது. "உன் மனசு லேசாயிடுச்சுல்ல? போய் வேலையப் பாரு."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோராஸ்த் தனியாகவே மூலையை வெட்டி எடுத்தான், அடியிலிருந்த மரச்சட்டத்தைக் காயவைத்தான், புதுப் பலகை அடித்தான். மாடியிலிருந்தவர் மறுபடி பன்னிக் கதையை ஆரம்பித்தபோது, அதில் இருந்தவர் தன்னைவிட நல்ல மனிதர் என்று மட்டும் சொன்னான். மாடிக்காரர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஆனால் அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லி என்ன பயன் என்று கோராஸ்துக்கே தோன்றியது.

மூன்றாவது சனிக்கிழமை வாசலில் நிழல் விழுந்தது. ஸ்தோயான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. உள்ளே ஏறி, புதுப் பலகைமேல் நின்று, குதிகாலை அழுத்திப் பார்த்தார்.

"ஆணி போதாது," என்றார். "திருகாணி போடு."

கோராஸ்த் திருகாணிப் பெட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அப்போதும் அவனுக்குத் துணிவு வரவில்லை.