பாலிஷ்காரர் வீட்டுப் பனி

பாலிஷ்காரர் வீட்டுக்குள் மட்டும் பனிமூட்டம் இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் காயப்போட்ட துணிகள் அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருக்க, அவர் வீட்டுக் கூடத்தில் மட்டும் தலையணை அளவுக்கு ஒரு வெள்ளை மூட்டம், தரையிலிருந்து நாலடி உயரத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் நின்றது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முதலில் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டாள். அடுப்பு அணைந்திருந்தது. "ஏங்க, இங்க வந்து பாருங்க, வீட்டுக்குள்ள என்னமோ நிக்குது" என்று குரல் கொடுத்தாள். அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு வங்கிக்காரரின் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது பக்க ஹெட்லைட்டை அப்போதுதான் முடித்துவிட்டு வலது பக்கத்துக்கு நகர்ந்திருந்தார். வலது பக்கமும் முடிந்தபோது மூட்டம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

அதற்கு எழுபது நாள் முன்னால் அவர்களுடைய ஒரே மகள் இறந்துபோயிருந்தாள். வயது இருபத்திரண்டு. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. மாலை ஆறே முக்காலுக்கு, வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சாலை வளைகிற இடத்தில் ஒரு கார் அவளை இடித்தது. ஓட்டி வந்தவர் தண்ணீர் பம்பு விற்கிறவர். குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. விசாரணையில் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து "தெரியல சார்" என்ற ஒரே பதில்தான் வந்தது. எழுதிக்கொண்ட காவலர் அதை, கார் விளக்கு மங்கலாக இருந்தபடியால் பெண் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீட்டி எழுதிக்கொண்டார். பாலிஷ்காரர் அங்கேதான் நின்றிருந்தார். ஆள் தெரியவில்லை என்கிறானா, என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்கிறானா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தார். பிறகு பல வாரம், தெருவில் நிற்கிற கார்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். பத்துக்கு ஏழு மங்கல். சிலது பழுப்பேறிக் கிடந்தன, சிலது சோப்புத் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தன.

முப்பது வருஷமாக மேஜை, நாற்காலி, கட்டில் என்று மரச்சாமான்களுக்கு மெருகு போட்ட கை அது. எந்தச் சொரசொரப்பை எந்தத் தாளால் எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்பது அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹெட்லைட்டின் முகப்பை ஊரெல்லாம் கண்ணாடி என்கிறார்கள். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று மேல்தோல் வெந்துபோய், உள்ளே எரிகிற வெளிச்சத்தைத் தானே குடித்துவிடுகிறது. பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு சோப்பு விட்டு, எண்ணூறு நம்பர் உப்புத்தாளை நனைத்து இடமிருந்து வலமாகத் தேய்த்தார். வெள்ளைத் தண்ணீர் வழிந்து பம்பரில் இறங்கியது. அடுத்து ஆயிரம் நம்பர், மேலிருந்து கீழாக. அடுத்து ரெண்டாயிரம். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாக வெளுத்துக் கிடக்கும்; புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். வங்கிக்காரரும் சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் வெளியே வந்தார். "யாரக் கேட்டு என் வண்டியில கை வச்சீங்க? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" என்று கத்தினார். பாலிஷ்காரர் வாயைத் திறக்காமல் பஞ்சில் பாலிஷைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து, துடைத்து, கடைசியில் லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சை ஒரே இழுப்பாகப் பூசினார். விளக்கு முழித்துக்கொண்டது. வங்கிக்காரர் சுருதி இறங்கி, பற்பசை போட்டுத் தேய்த்தாலே போதுமென்று யாரோ சொன்னார்களே என்று சமாளித்தார். "பல்லுக்கு வாங்கினத பல்லுக்கே போடுங்க" என்றார் பாலிஷ்காரர். எழுபது நாளில் வெளியாள் ஒருவரிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அன்றைக்கு மகளை ஸ்கூட்டரில் கூட்டிவர வேண்டியவர் அவர்தான். ஆறு மணிக்கு அவள் போன் செய்தபோது பட்டறையில் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை ஒன்று கடைசிப் பூச்சோடு ஈரமாக இருந்தது. விட்டுவிட்டுப் போனால் தூசி வந்து ஒட்டும். "ஒரு கோட்டு காயணும்மா. பக்கம்தானே, நடந்து வந்துரு" என்றார். "சரிப்பா" என்றாள். வேறு பேச்சில்லை. அந்த மேஜை நன்றாகவே காய்ந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள் அதில் முகம் பார்க்கலாம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு உயிர் இருக்கும்போதே ஒரே ஒரு தடவை மகளை நேருக்கு நேர் பார்த்து, நான்தான்மா உன்னை நடக்க வைத்தேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். கார்களைத் தேய்க்கத் தொடங்கியது அதனால்தான்.

நாலைந்து கார் முடிந்ததும் விவரம் புரிந்துவிட்டது. விளக்கிலிருந்து தேய்த்தெடுக்கிற மங்கல் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போவதில்லை. அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சன்னலைத் திறந்துவைத்தாலும் வெளியேறவில்லை. மின்விசிறியைப் போட்டால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இருந்த இடத்துக்கே வந்தது. தீப்பெட்டி நமுத்தது, உப்பு ஜாடிக்குள் தண்ணீராயிற்று, தையல் ஊசி ஐந்தே நாளில் துருப்பிடித்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வாசற்படியோடு நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கிற பனிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி முதலில் திட்டித் தீர்த்தாள். ஊருக்கெல்லாம் வெளிச்சம், எனக்கு மட்டும் இந்தக் கண்றாவியா என்று கேட்டாள். பிறகு மிஷினிலிருந்து சிவப்பு நூலை உருவி, கட்டிலிலிருந்து அடுப்புக்கும் அடுப்பிலிருந்து குளியலறைக்கும் இழுத்துக் கட்டி, அதைத் தொட்டுக்கொண்டே நடக்கப் பழகினாள். எட்டாவது காரை முடித்துவிட்டு அவர் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்த அன்று, மூன்று தட்டு வைத்திருந்தாள்.

"யாரு வர்றாங்க?"

"வந்தாச்சு. சன்னல் பக்கம் நிக்கிறா பாருங்க. பையக்கூட இன்னும் கழட்டல."

அவர் எழுந்துபோய்க் கையை நீட்டித் துழாவினார். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "பாத்து, பாத்து, இடிச்சிரப் போறீங்க" என்று மனைவி பதறினாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். கை ஈரமாக இருந்தது. மகள் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறாள், தனக்கு மட்டும் தெரியவில்லை என்று புரிந்தபோது அவருக்கு வந்த அழுகை, மருத்துவமனையில் அவளை மூடிய துணியை விலக்கிக் காட்டியபோதுகூட வராத அழுகை.

மனைவி சொன்ன விளக்கத்தைவிட நல்ல விளக்கம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் தினமும் நடக்கிற சாலை. எத்தனை வண்டி வெளிச்சத்தில் பட்டிருப்பாள். பட்ட வண்டியிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வங்கிக்காரரின் காரிலிருந்து வந்தது வலது தோளும் பையின் வாரும். ஒரு பள்ளிக்கூட வேன் இரண்டு பாதங்களையும் செருப்போடு கொண்டுவந்தது. வாடகைக் கார் ஒன்று இடது கையைக் கைக்கடிகாரத்தோடு தந்தது. சில வண்டிகளிலிருந்து வெறும் பனிதான் வந்தது; அவை வெளியூர் வண்டிகளாக இருக்கும். "முழங்கால் இன்னும் சரியாத் தெரியல, இன்னும் நாலு வண்டி பாருங்க" என்று மனைவி கேட்பாள், அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். மரவேலையை விட்டாயிற்று. ஒருமுறை லாக்கர் தீர்ந்துபோய், ஒரு மருத்துவரின் காரைப் பூச்சில்லாமலே அனுப்பிவிட்டார். பூசாத விளக்கு ஐந்தாறு மாதத்தில் திரும்ப மங்கிவிடும், அதுவும் மங்கியது. அன்று காலை மகளுடைய இடது காதைக் காணவில்லை என்று மனைவி வீட்டையே தலைகீழாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ஒரு விளக்கையும் பூச்சு காயும்வரை விட்டு நகர்ந்ததில்லை. தூசி வந்து உட்காராமல் விசிறிக்கொண்டே பக்கத்தில் இருப்பார்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் வண்டிகள். இருட்டிய பிறகு அந்த வளைவில் ஒரு நாய்க்குட்டிகூட அடிபடவில்லை. அந்த ஊர்க் கார்கள் வெளியூர் போனால் எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டினார்கள். பாலிஷ்காரருக்கு விரல்நுனி ரேகைகள் தேய்ந்து மறைந்தன. எங்கேயாவது கைநாட்டு வைத்தால் காகிதத்தில் வெறும் மை வட்டம்தான் விழுந்தது. மனைவி வெளியே வருவதை அநேகமாக நிறுத்திவிட்டாள். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்கும். அவர் சாப்பிட உட்காரும்போது அன்றைய சேதிகளைச் சொல்வாள்: தலைக்குக் குளிச்சிருக்கா, உங்களுக்குத் தாடி நல்லா இல்லைங்கிறா. அவர் மறுநாளே தாடியை எடுத்துவிட்டார். ஒரு நாள் மனைவி தட்டை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாம் வந்துடுச்சுங்க. மூஞ்சி மட்டும் இல்ல. அந்த இடத்துல வெறும் பனியா நிக்குது. இத்தனை நாள் உங்ககிட்டச் சொல்லல."

எந்த வண்டி பாக்கி என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அவள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது அந்த வண்டியைத்தான்.

பம்புக்காரர் ஊரின் மறுகோடியில் இருந்தார். வாளியும் கையுமாக வாசலில் நின்ற பாலிஷ்காரரைப் பார்த்ததும் அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தலையைக் குனிந்து நின்றார். "வண்டி லைட்டத் துடைக்கணும்" என்றார் பாலிஷ்காரர். பம்புக்காரருக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கார் கொட்டகையில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. நாலு வருஷமாக அவர் அதைத் தொடவில்லை, டயர்கள் நாலும் தரையோடு படிந்துவிட்டன. விளக்குகள் இரண்டும் பூத்துப்போன கண்கள். இடது விளக்கின் ஓரத்தில் ஒரு விரிசல். பாலிஷ்காரர் அந்த விரிசலின் மேல் டேப் ஒட்டவில்லை. அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். எண்ணூறு, ஆயிரம், ரெண்டாயிரம். சொல்லாமலே பம்புக்காரர் வாளித் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு லாக்கர் பூசியாயிற்று. காய வேண்டும். ஒருவர் கவிழ்த்த வாளியிலும் ஒருவர் பழைய பம்புப் பெட்டியிலும் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு விளக்குக்கு அட்டையால் விசிறினார்கள்.

பம்புக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலண்ணே. விளக்கு மங்கல்னு அவங்களா எழுதிக்கிட்டாங்க. நான் அந்த நேரம் ரோட்டத்தான் பாத்தேனா, வேற எதையாவது நெனச்சிட்டு வந்தேனா, எத்தனை தடவ யோசிச்சாலும் தெரியல." பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாப்பா ஏன் அந்த நேரத்துல தனியா நடந்து வந்துச்சு?"

பாலிஷ்காரர் விசிறுவதை நிறுத்தவில்லை. "நான்தான் நடந்து வரச் சொன்னேன். ஒரு கோட்டு காயணும்னேன்."

இரண்டு பேரும் விசிறிக்கொண்டே இருந்தார்கள். பூச்சு காய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அவர் வீடு திரும்பியபோது பனி வாசற்படிவரை வந்திருந்தது. இவ்வளவு அடர்த்தியாக அது இருந்ததில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மனைவி கூடத்தில் எங்கேயோ அழுதுகொண்டிருந்தாள். அது துக்க அழுகை இல்லை. "ஏங்க, வந்துட்டா. முழுசா வந்துட்டா. அதே மூஞ்சி, ஒரு கீறல் இல்ல" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இந்தக் கடைசி வண்டிக்குப் பிறகாவது தனக்கும் தெரிந்துவிடும் என்று நாலு வருஷத்தில் முதல்தடவையாக நம்பிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைதான். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேஜையைச் சொன்னார், போனைச் சொன்னார், மகள் சரிப்பா என்று சொன்னதைச் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவளோட போனைப் போலீஸ்ல திருப்பிக் குடுத்தாங்களே, அன்னைக்கே பாத்தேன். கடைசியா உங்ககிட்டத்தான் பேசியிருக்கா. என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அதையேதான சொல்லிட்டிருக்கீங்க."

"ஏன் கேக்கல?"

"மொதல்ல உங்க மூஞ்சியப் பாத்தாலே ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் இவ வர ஆரம்பிச்சா. கேட்டு, அழுது, மனசு ஆறிட்டீங்கன்னா வண்டி துடைக்கிறத விட்டுருவீங்கன்னு பயந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "என்னையும்தான் மன்னிச்சிருங்க."

நாலு வருஷம் அவருடைய குற்ற உணர்வை எரியவிட்டு அந்தச் சூட்டில் மகளைக் காப்பாற்றி வைத்திருந்தவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. தான் அவள் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றியது. அது அவரை இன்னும் அழ வைத்தது. வெகுநேரம் கழித்து, மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பதில் வந்தது.

அவர்கள் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிற பெண் டார்ச்சோடு வந்து நூலைப் பிடித்து உள்ளே போய்த் திரும்புகிறாள். பம்புக்காரர் மாதம் ஒருமுறை லாக்கர் டப்பா ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். பாலிஷ்காரருக்கு மகள் ஒரு நாளும் தெரிந்ததில்லை. விளக்குகள் திரும்ப மங்கிவிடாமல் பார்க்கிற வேலை முடிந்து தினமும் வந்ததும், மனைவி காட்டுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அன்றைக்குத் துடைத்த வண்டிகளைப் பற்றி ஒரு மணி நேரம் மகளிடம் பேசுகிறார். பேச்சு பாதியில் இருக்கும்போதே அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிற நாட்களும் உண்டு. மனைவி அதை அவரிடம் சொல்வதில்லை.